பதினேழா பதினெட்டா

வாலிநோக்கம் உப்பளத்தில்
மூன்றாம் நம்பர் பம்புக்கு நான்தான் ஆள்.
ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டால்
எட்டரை வரை எனக்கு வேலையில்லை.
தெப்பத்துக்குத் தண்ணீர் ஏறும் சத்தம்
காதில் இருந்தால் போதும்.

மாசி மூன்றாம் ஞாயிறு.
வாடை விட்டு நாலு நாளாகிறது,
கொண்டல் இன்னும் மனசு வைக்கவில்லை.
நண்டுக்கூட்டுக்குக் கயிறு மாற்றும் சீனிநைனா சொல்வதுபோல
காற்றுக்கு இது லீவு.

செலஸ்டினா ஸ்கூட்டியை வரப்போரம் சாய்த்தாள்.
சாயல்குடிப் பள்ளியில் லேப் உதவியாளர்.
தொலைநோக்கி அவளுடையது.
அதைத் தாங்கும் மூன்று கால்களில் ஒன்று மட்டும் என்னுடையது:
உடைந்த காலுக்குப் பதில்
ஷெட்டில் கிடந்த பிவிசி குழாய்,
வலை நரம்பால் இறுக்கியது.
நோட்டும் என்னுடையதுதான்.
முன்பக்கத்திலிருந்து மோட்டார் ஓடிய மணி, மீட்டர், கோளாறு.
பின்பக்கத்திலிருந்து பறவைகள்.
ரெண்டும் சந்திக்க
இன்னும் பதினோரு தாள்.

பவளக்காலி நாற்பத்திரண்டு.
பச்சைக்காலி ஆறு, ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளி,
பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் மாதிரி.
கோட்டான் ஒன்று, மூக்கு முழுக்கச் சேற்றுக்குள்.
ஆலா கணக்கில்லை என்று எழுதினேன்.
அப்படி எழுதாதே என்றாள்.
அடித்துவிட்டு, சுமார் முந்நூறு.

ரோட்டில் கார் நின்றது.
பூநாரை எங்கே என்று கேட்டார்கள்.
கைகாட்டினோம்.
வெயில் ஏறாத தண்ணீரில் அது வரிசையாக நின்றுகொண்டிருந்தது,
கல்யாண வீட்டார் போட்டோவுக்கு நிற்பதுபோல.
நாங்கள் சேற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

எங்களுக்கு வேண்டியது உப்புக்கொத்தி.
உள்ளங்கை அளவு. சேற்றின் நிறம்.
ஓடும், நிற்கும், எதையோ மறந்த மாதிரி யோசிக்கும், ஓடும்.
தை முழுக்கச் சாம்பலாக இருந்ததுகளில்
நாலைந்துக்கு இப்போது நெஞ்சில்
செங்கல் பொடி தூவியிருக்கிறது.
அப்படிச் சிவந்தால் கிளம்பப் போகிறதென்று அர்த்தம்.
எங்கே என்று படத்தில் காட்டியிருக்கிறாள்,
விரல் மேலே போய்க்கொண்டே இருந்தது,
தாளை விட்டு வெளியே போய் மேசையில் நின்றது.

எண்ணினோம்.
நான் இருநூற்றுப் பதினேழு.
அவள் பதினெட்டு.
திரும்ப எண்ணினோம்.
நான் பதினேழு. அவள் பதினெட்டு.
ஓரத்தில் இருக்கிறதே அது மண்கட்டி என்றேன்.
மண்கட்டிக்கு நிழல் அப்படி விழாது என்றாள்.
உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவனிடம்
மண்கட்டியைப் பற்றிச் சொல்லாதே என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை,
கண்ணை லென்ஸிலிருந்து எடுக்கவுமில்லை.

அப்போது மோட்டார் நின்றது.

இரைச்சலுக்குப் பழகிய கூட்டம்
அமைதிக்கு மிரண்டு எழும்பியது.
ஒரே உதறல்.
வெள்ளையாகத் திரும்பி, கறுப்பாகத் திரும்பி,
ஒரு நொடி ஒன்றுமே இல்லாமல் போய்,
கடல் பக்கம் மறுபடி வெள்ளை.

சேறு காலி.
மண்கட்டி மட்டும் இருந்தது.
சொன்னேன் இல்லையா என்று நான் வாயெடுக்க
மண்கட்டி தலையைத் திருப்பியது.

ஒற்றைக்கால்.
மற்றது முழங்காலோடு முடிந்து
அதில் பச்சையாக ஒரு நரம்பு சுற்றிக் கிடந்தது.
தத்தியது, கொத்தியது, தத்தியது.
நானும் அவளும் குழாய் கட்டிய முடிச்சைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருந்தது இருவருக்கும் தெரியும்.

பிடிக்கலாமா என்றேன்.
ஓடவிட்டால் இருக்கிற காலும் நோகும் என்றாள்.
கொஞ்ச நேரம் தின்றுவிட்டு
யாருக்கும் பயப்படாமல்,
தன் வசதிக்கு எழும்பி,
கூட்டம் போன திசையிலேயே போயிற்று.
பறக்கும்போது அதற்கும் மற்றதுக்கும்
வித்தியாசம் தெரியவில்லை.

பின்பக்கம்: 7.12, உப்புக்கொத்தி, 218.
முன்பக்கம்: 7.12, கரண்ட் கட்.

சீனிநைனா கூட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.
போன வாரத்துக்கு எப்படி?
அறுபது குறைச்சல் என்றாள்.
எல்லாம் போயிட்டா ஞாயித்துக்கிழமை என்ன செய்வீக?
வந்து பார்ப்போம்,
பார்த்துவிட்டுப் பூஜ்யம் எழுதுவோம் என்றாள்.
அதுக்கா சாயல்குடியிலிருந்து பெட்ரோல் போட்டு?

அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.
கரண்ட் வந்திருந்தது.
நான் ஷெட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.